கறை படிகிறதென்று மவுத்வாஷை இன்னும் கூட்டிக் கொப்பளிக்கிறீர்களா?

இந்த வாரமும் ஒருவர் வந்தார். முன்பற்களின் இடுக்கெல்லாம் பழுப்புக் கறை. வெற்றிலை, பீடி எதுவும் கிடையாது. "பல் க்ளீன் பண்ணினப்ப எழுதிக் கொடுத்த மவுத்வாஷ்தான் டாக்டர், விடாம கொப்பளிக்கிறேன்" என்றார் பெருமையாக. சீட்டில் இருந்தது இரண்டு வாரம். இவரோ மெடிக்கல் ஷாப்பில் அதே பாட்டிலை மாதக்கணக்கில் வாங்கியிருக்கிறார். கறை தெரிந்ததும், பல் அழுக்காகிறது என்று ஒரு வேளை கூட்டியும் இருக்கிறார்!

ஐயா, அது அழுக்கு இல்லை. அந்த மவுத்வாஷில் இருக்கும் குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினி மருந்து பல்லிலும் ஈறிலும் ஒட்டிக்கொண்டு பல மணி நேரம் கிருமியைத் தடுக்கும். அதன் சிறப்பே அதுதான். ஒட்டிய மருந்தோடு டீ, காபியின் சாயமும் சேர்ந்து பிடித்துக்கொள்கிறது. கூடுதலாகக் கொப்பளித்தால் கறையும் கூடும், அவ்வளவுதான். பாலிஷ் செய்தால் பல்லில் போய்விடும். பல் நிறத்தில் அடைத்த இடங்களின் ஓரத்தில் சில சமயம் போகாது. நாக்கில் ருசி மட்டுப்படுவதும், பல்லில் கல்லாய் இறுகும் காரை கூடுவதும் இதே மருந்தின் வேலைதான்.

அடுத்தது, சிலர் கேட்பது: "கிருமியே செத்துடுதே, பிரஷ் எதுக்கு?" 1970-இல் வெளியான டென்மார்க் ஆய்வில், பல் துலக்குவதை நிறுத்தியவர்கள் இந்த மருந்தின் 0.2 சதவீதக் கரைசலில் தினம் இரு வேளை கொப்பளித்தார்கள்; பல்லில் கிருமிப் படலம் சேரவில்லை. உண்மைதான். ஆனால் அவர்கள் தொடங்கியது சுத்தமான பல்லோடு. ஏற்கெனவே படலம் தடித்த வாயில் இந்த மருந்து, பாசி பிடித்த தொட்டியில் ஊற்றிய மாதிரி, மேலோடு நின்றுவிடும். தேய்த்தால்தான் போகும். வாயில் அறுவை சிகிச்சை முடிந்து பிரஷ் வைக்கவே முடியாத சில நாட்களுக்குத்தான், பிரஷுக்குப் பதிலாக நாங்கள் இதை நம்பி எழுதுகிறோம்.

சரி, எழுதிக் கொடுத்திருந்தால்? 0.2 சதவீதம் என்றால் 10 மில்லி, ஒரு நிமிடம், இரு வேளை. விழுங்கக் கூடாது. பேஸ்ட் போட்டுத் துலக்கிய கையோடு கொப்பளிக்காதீர்கள். பேஸ்ட்டிலுள்ள நுரைப்பொருள் மருந்தை முறித்துவிடும், அரை மணி நேரம் விடுங்கள். கொப்பளித்ததும் காபி டம்ளரைத் தூக்காதீர்கள். துப்பத் தெரியாத குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். உதடு, முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ அது அலர்ஜி. அரிதுதான், ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

சீட்டில் போட்ட நாள் முடிந்தால் பாட்டிலில் மிச்சமிருந்தாலும் நிறுத்திவிடுங்கள். அதற்குப் பிறகும் ஈறில் ரத்தம் கசிந்தால், தயவுசெய்து, மெடிக்கல் ஷாப்புக்குப் போகாமல் எங்களிடம் வாருங்கள்.