அணிவகுப்பு முகாமா, வழிப்பாசறையா?

போன வாரமும் அதே சொல் வந்து நின்றது. பிரிட்டனின் வடக்கே ரோமர்கள் விட்டுப்போன தடயங்களைப் பற்றிய ஒரு காணொளி. கீழே தமிழில் வரிகள் ஓடின. "ஆர்டாக் கோட்டைக்கு அருகே பல அணிவகுப்பு முகாம்கள் காணப்படுகின்றன" என்றது ஒரு வரி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மைத்துனர், "ஓ, பரேடு நடத்துற இடமா?" என்றார். அவர் மேல் தப்பே இல்லை. அணிவகுப்பு என்றால் நமக்கு ஜனவரி 26தான். மிடுக்கான நடை, வாத்தியம், மேடையில் ஒருவர் நின்று மரியாதை ஏற்றுக்கொள்வது. ஆனால் அந்த இடங்களில் நடந்தது அதற்கு நேர் எதிரானது. நாள் முழுக்கச் சுமையோடு நடந்து களைத்த படை, இருட்டுவதற்குள் மண்ணைத் தோண்டித் தன்னைச் சுற்றி வேலி எழுப்பிக்கொண்டு படுத்துத் தூங்கிய இடம் அது.

ஆங்கிலத்தில் இதற்கு மார்ச்சிங் கேம்ப் என்று பெயர். அங்கே மார்ச் என்பதற்குப் படை நடந்து செல்வது என்று பொருள். அதைத் தமிழில் அணிவகுப்பு என்று போட்டவர் அகராதியின் முதல் பொருளோடு நின்றுவிட்டார். ரோமர்கள் தம் மொழியில் காஸ்ட்ரா என்றார்கள். அது பன்மை வடிவம். 'வெட்டிப் பிரித்தது' என்ற வேரிலிருந்து வந்தது என்பார்கள். அதன் குறுமை வடிவமான காஸ்டெல்லம்தான் பின்னால் ஆங்கிலத்தில் காசில் ஆனது. காஸ்ட்ரா என்ற சொல்லே தேய்ந்து செஸ்டர், காஸ்டர் என்று ஊர்ப்பெயர்களின் வாலில் ஒட்டிக்கொண்டது: மான்செஸ்டர், லங்காஸ்டர், டான்காஸ்டர். சரி, வேர் இவ்வளவு போதும்.

கவனிக்க வேண்டியது வேறொன்று. ரோமருக்கு ஓர் இரவு தங்கிய இடமும் காஸ்ட்ராதான், நூறாண்டு தங்கிய இடமும் காஸ்ட்ராதான். வேறுபாடு காட்ட வேண்டியபோது முன்னால் ஓர் அடைமொழி சேர்த்தார்கள். நிலையாகத் தங்குவது ஒன்று, குளிர்காலத்துக்கானது ஒன்று, கோடைக்கானது ஒன்று. இதைப் படிக்கும்போதே தமிழ் தெரிந்தவருக்குப் பொறி தட்ட வேண்டும். தொல்காப்பியப் புறத்திணையியலில், வாகைத் திணையில், 'கூதிர் வேனில் என்றிரு பாசறை' என்று வருகிறதே! கூதிர்ப் பாசறை, வேனிற் பாசறை. ஒரே பெயர், முன்னால் பருவத்தைச் சொல்லும் அடை. லத்தீன் செய்ததைத் தமிழ் யாரையும் பார்க்காமல் தானே செய்து வைத்திருக்கிறது. இப்படி ஒரு சொல் கையில் இருக்கும்போது அணிவகுப்பு முகாம் எதற்கு?

அந்தச் சொல்லின் மேல் எனக்கு இருக்கும் கோபம் தூய்மை சம்பந்தப்பட்டது அல்ல. முகாம் அரபியிலிருந்து வந்த சொல், ஆகவே தூக்கி எறி என்று நான் சொல்லவில்லை. கண் சிகிச்சை முகாம், அகதிகள் முகாம் என்று தமிழில் அது நன்றாக வேலை செய்கிறது. கோளாறு முன்னால் இருக்கும் அணிவகுப்பில். ரோமப் படைக்கு உண்மையாகவே அணிவகுப்புத் திடல்கள் இருந்தன. கம்பிரியா மலைகளில் ஹார்ட்நாட் கணவாய்க்குப் போனால், கோட்டைக்குச் சற்று மேலே மலைச்சரிவை வெட்டிச் சமமாக்கிய திடல் இன்றும் தெரியும். படைவீரர் வரிசை கட்டிப் பயிற்சி செய்த இடம். அணிவகுப்பு முகாம் என்பதை இரவுத் தங்கலுக்குக் கொடுத்துவிட்டால், இதை என்னவென்று சொல்வார்கள்? அணிவகுப்பு முகாமின் அணிவகுப்பு மைதானமா?

இன்னொரு குழப்பமும் உண்டு. பாசறை அமைக்கப் பழகுவதற்காகவே ரோமர்கள் சின்னச் சின்னப் பாசறைகளை வெட்டிப் பார்த்தார்கள். பிரிட்டனின் வடக்கே ரோமர்கள் எழுப்பிய எல்லைச் சுவரான ஹேட்ரியன் சுவருக்குத் தெற்கே, ஹால்ட்விசில் பொதுநிலத்தில் அப்படிப்பட்டவை இருக்கின்றன. உள்ளே யாரும் தங்கியிருக்க வேண்டியதில்லை. மூலைகளையும் வாயில்களையும் சரியாக வெட்ட வருகிறதா என்று பார்ப்பதுதான் நோக்கம். அணிவகுப்பு முகாம் என்று படிக்கும் தமிழர் என்.சி.சி. நினைப்பில் இந்தப் பயிற்சிப் பாசறையைத்தான் மனதில் வைத்துக்கொள்வார். தவறான சொல் வெறுமனே பொருள் புரியாமல் நின்றால்கூடத் தொலையட்டும். இது பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறது.

"நடமாடும் முகாம்" என்றும் ஒரு கட்டுரையில் பார்த்தேன். நடமாடும் மருத்துவமனை, நடமாடும் நூலகம் போல இதுவும் வண்டியில் போகும் போலிருக்கிறது. படைதான் நடமாடியது. பாசறை, தோண்டிய இடத்திலேயே கிடக்கிறது; ஆயிரத்து எண்ணூறு ஆண்டாக நகரவில்லை.

எப்படித் தோண்டினார்கள் என்று பார்த்தால் பெயர் தானாக வரும். பகல் முழுக்க நடை. முன்னால் போன ஆட்கள் இடம் பார்த்து அளந்து கொடி நட்டு வைப்பார்கள். பின்னால் வரும் வீரர்கள் ஆளுக்கோர் இடத்தில் தோண்டத் தொடங்குவார்கள். தோண்டிய பள்ளம் அகழி, அள்ளிப் போட்ட மண் உள்பக்கம் கரை, அதன் மேல் கூடவே சுமந்துவந்த கூர்முனைக் கழிகள். சீட்டுக்கட்டின் அட்டை மாதிரி, மூலை மழுங்கிய நீள்சதுரம். வாயிலில் கதவு கிடையாது. அதற்குப் பதிலாக வாயிலுக்கு நேரே, சற்றுத் தள்ளி, தனியாக ஒரு துண்டுக் கரையும் பள்ளமும். அல்லது கரையே உள்பக்கமாக வளைந்து, ஓடி வருபவனைத் திரும்பவைக்கும். உள்ளே தோல் கூடாரங்கள், கூடாரத்துக்கு எட்டுப் பேர். அந்தக் கூடாரத்தை அவர்கள் வண்ணத்துப்பூச்சி என்று அழைத்தார்கள். நல்ல மொழிபெயர்ப்பாளர் கையில் அகப்படாமல் தப்பித்த பெயர்!

இனி முல்லைப்பாட்டைத் திறந்து பாருங்கள். 103 அடிகள்தான். கான்யாற்றின் பக்கம் புதர்களை வெட்டி, வேட்டுவரின் சிறு அரண்களை அழித்து, 'காட்ட இடுமுட் புரிசை ஏமுற வளைஇ, படுநீர்ப் புணரியின் பரந்த பாடி' என்கிறார் நப்பூதனார். காட்டு முள்ளே மதில். உள்ளே கடல் போலப் பரந்த பாடி, அதாவது பாசறை. அப்புறம் 'உவலைக் கூரை ஒழுகிய தெரு': தழை வேய்ந்த கூடாரங்கள் வரிசையாக நிற்கும் தெருக்கள். அவை கூடும் சந்தியில் யானை காவல் நிற்கிறது. ரோமப் பாசறையிலும் தளபதியின் கூடாரத்துக்கு முன்னால்தான் இரண்டு பெருந்தெருக்கள் சந்திக்கும், யானைதான் இல்லை. நாழிகைக் கன்னலில் நீரை வைத்துப் பொழுது அளக்கும் ஆட்கள் முல்லைப்பாட்டுப் பாடியில் இருக்கிறார்கள். ரோமப் படையிலும் இரவுக் காவலை நீர்க்கடிகாரம் வைத்து நான்காகப் பிரித்தார்கள் என்று ரோமப் போர்க்கலை பற்றி நூல் எழுதிய வெஜீஷியஸ் சொல்லியிருக்கிறார். இதெல்லாம் போதாதென்று, அரசனின் கூடாரத்தில் சாட்டையைச் சுற்றிய இடுப்பும் சட்டையுமாக வன்கண் யவனர் வேறு வருகிறார்கள். யவனர் என்ற பெயர் கிரேக்கரையும் ரோமரையும் சேர்த்தே குறித்தது. அவர்களே வந்து இருந்துவிட்டுப் போன இடத்துக்கு நாம் வைத்திருந்த பெயர், அவர்கள் ஊர்ப் பாசறைக்கு ஆகாதா?

பாசறை என்பதைப் பாசு, அறை என்று பிரித்து, பசுந்தழை வேய்ந்த உறைவிடம் என்று விளக்குவது வழக்கம். ஸ்காட்லாந்தின் பாசறைகளுக்கு இது எதிர்பாராத விதமாகப் பொருந்திவிடுகிறது. அவற்றில் பெரும்பாலானவற்றின் கரைகளை உழவு எப்போதோ தின்றுவிட்டது. தரையில் நின்றால் வெறும் பார்லி வயல். ஆனால் மழை பொய்த்த கோடையில், தூர்ந்துபோன அகழியில் மட்டும் ஈரம் தங்கும். அதன் மேல் நிற்கும் பயிர் கூடுதலாக வளர்ந்து பச்சையாகவே இருக்கும். விமானத்திலிருந்து பார்த்தால் வெளிறிய வயலில் ஒரு பச்சை நீள்சதுரம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கேம்பிரிட்ஜின் செயின்ட் ஜோசப் என்ற ஆய்வாளர் இப்படி வானிலிருந்து படமெடுத்தே ஏராளமான பாசறைகளைக் கண்டுபிடித்தார். பாசறை பச்சையாகத்தான் அகப்பட்டது.

அடைமொழிக்கு வருகிறேன். நான் சொல்வது வழிப்பாசறை. வழிநடை, வழித்துணை, வழிச்செலவு என்று பயணத்தைச் சொல்ல வழி நம்மிடம் பழகிய சொல். போகும் வழியில் இட்ட பாசறை, அவ்வளவுதான். பயிற்சிக்கு வெட்டியது பயிற்சிப் பாசறை. டம்ஃப்ரீஸ் பக்கம் பர்ன்ஸ்வார்க் குன்றின் வடக்கிலும் தெற்கிலும் இருப்பவை போல, ஒரு குன்றை மடக்கி அமைத்தவை முற்றுகைப் பாசறைகள். இப்போது தொல்லியலாளர்களே இவை எல்லாவற்றையும் சேர்த்துத் தற்காலிகப் பாசறை என்று சொல்லப் பழகிவிட்டார்கள், எல்லாமே படை நடந்துபோன வழியில் இட்டவை அல்ல என்பதால். பாசறை என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொண்டால் இவ்வளவும் வரிசையாக வந்து உட்காருகின்றன. பாசறை என்றால் இப்போது கட்சிக்காரர்களின் இளைஞர் அணி நினைவுக்கு வருகிறதே என்று ஒரு நண்பர் மறுத்தார். வரட்டும். கட்சிகள் இரவல் வாங்கியதற்காகச் சொந்தக்காரன் வீட்டைக் காலி செய்ய வேண்டுமா?

கோட்டை விஷயத்தில் எனக்கு இவ்வளவு பிடிவாதம் இல்லை, ஆனால் உறுத்தல் உண்டு. கோட்டை என்றதும் நமக்குச் செஞ்சி, திருமயம், வேலூர். உள்ளே அரசன், வெளியே எதிரி, நடுவில் மாதக்கணக்கில் முற்றுகை. ரோமக் கோட்டை அப்படி ஒளிந்துகொள்ளும் இடம் அல்ல. அது மதில் வைத்த படைக் குடியிருப்பு: நடுவில் தலைமையகம், பக்கத்தில் தளபதி வீடு, தானியக் களஞ்சியங்கள், நீள நீளமாக வீரர் விடுதிகள். ஹேட்ரியன் சுவரில் செஸ்டர்ஸ் கோட்டையைப் பாருங்கள் (பெயரே காஸ்ட்ராவின் மிச்சம்). சுவரை முட்டிக்கொண்டு வெளியே நீண்டிருக்கிறது. அதன் முக்கிய வாயில்களில் மூன்று சுவருக்கு வடக்கே, அதாவது எதிரியின் பக்கம் திறக்கின்றன. பதுங்க நினைப்பவன் இப்படிக் கட்டமாட்டான். வெளியே பாய்ந்து வெட்டவெளியில் சண்டை போடத்தான் அந்த ஏற்பாடு. நிலைப்பாசறை என்றால் மிகச் சரியாக இருக்கும். ஆனாலும் கல்மதிலும் கோபுரமும் நிற்கிற இடத்தைக் கோட்டை என்று ஒருவர் எழுதினால் நான் சண்டைக்குப் போகமாட்டேன். கொத்தளம் என்று எழுதினால் போவேன். கொத்தளம் கோட்டையின் ஓர் உறுப்பு. ஆகஸ்ட் 15 அன்று கொடி ஏறுகிற இடம் என்பதால் அது கோட்டைக்கு மறுபெயர் ஆகிவிடாது.

கோட்டை பெரியது, முகாம் சின்னது என்ற நினைப்பையும் இந்தச் சொற்கள் கிளப்பிவிடுகின்றன. ஹவுஸ்ஸ்டெட்ஸ் கோட்டை, எண்ணூறு பேர் கொண்ட படைக்கானது, சுமார் 5 ஏக்கர். அபர்டீன்ஷயரில் டர்னோ என்ற இடத்தில் உள்ள வழிப்பாசறை சுமார் 140 ஏக்கர். சில நாள் தங்கல் அவ்வளவு பெரியது, ஏனென்றால் ஒரு முழுப் படையெடுப்பும் அதற்குள் அடங்க வேண்டும். மறுபக்கம், ஸ்காட்லாந்தின் இன்ச்டூத்திலில் ஒரு முழு லீஜியனுக்காக (ரோமப் படையின் பெரும்பிரிவு) 50 ஏக்கருக்கு மேல் நிலைப்பாசறை எழுப்பினார்கள். கட்டி முடிப்பதற்குள், கி.பி. 87 வாக்கில், தாங்களே பிரித்துப் போட்டுவிட்டுப் போனார்கள். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட இரும்பு ஆணிகளை எதிரி கையில் கிடைக்காமல் குழியில் புதைத்துவிட்டுப் போனார்கள். நிலையானது நாலைந்து ஆண்டுகூட நிற்கவில்லை. ஆகவே நிலை, வழி என்பவை கட்டியவரின் நோக்கத்தைச் சொல்பவை. எத்தனை நாள் நின்றது, எவ்வளவு பெரியது என்பது வேறு கணக்கு.

ஊர்ப்பெயர் வாலுக்கு மட்டும் நம்மிடம் பாசறையைவிட நல்ல சொல் இருக்கிறது: பாளையம். அதுவும் படை இறங்கிய இடம்தான், அதுவும் பின்னால் ஊராகிவிட்டதுதான். மேட்டுப்பாளையம், இராஜபாளையம் எல்லாம் நம் ஊர்ச் செஸ்டர்கள். பாளையங்கோட்டையில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பஞ்சாலைக்காகச் சொன்னார்கள். சுற்றிலும் இத்தனை பாளையங்கள் இருப்பதைப் பார்த்தால் வேறொரு காரணத்துக்காகவும் அது சரிதான்.

தப்பு நம்மவர்களுடையது மட்டும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஹேட்ரியன் சுவருக்குத் தெற்கே ஓடும் பெரும் பள்ளத்தையும் கரைகளையும் ஆங்கிலேயர் இன்றும் வாலம் என்கிறார்கள். எட்டாம் நூற்றாண்டுத் துறவி பீட் எழுதியதிலிருந்து ஒட்டிக்கொண்ட பெயர். லத்தீனில் வாலம் என்றால் கழிவேலி நட்ட கரை. ஆங்கிலத்தின் வால், அதாவது சுவர், அதிலிருந்து வந்ததே. ஆக, சுவர் என்ற பெயர் ஒரு பள்ளத்துக்குப் போய்விட்டது. ஆயிரத்து இருநூறு ஆண்டு கழித்து இனி யார் மாற்றுவது? நம் அணிவகுப்பு முகாம் இன்னும் அந்த அளவுக்குக் காய்ந்து இறுகவில்லை, அதனால்தான் இவ்வளவு நீட்டினேன்.

மைத்துனர் கேட்ட கேள்விக்குக் கடைசியில் நானே அந்த வரியை மாற்றி எழுதிக் காட்டினேன்: "ஆர்டாக் கோட்டைக்கு வடக்கே, வெவ்வேறு படையெடுப்புகளில் வந்த ரோமப் படைகள் இட்ட வழிப்பாசறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன." படித்துவிட்டு, "அப்போ ஒரே இடத்துல திரும்பத் திரும்ப வந்து தங்கியிருக்காங்க" என்றார்.