பம்பு இழுக்கும் இதயத்துக்குள் ரத்தம் எங்கே தேங்குகிறது?

கையைப் பிடித்துப் பார்த்தால் நாடி கிடைக்காது. ரத்த அழுத்தம் பார்க்கும் தானியங்கிக் கருவி காற்றை ஏற்றி இறக்கிவிட்டு, பல நேரம் அளவு காட்டாமலே நின்றுவிடும். ஆனால் ஆள் எதிரே உட்கார்ந்து சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பார். இடது கீழறைக்குத் துணையாக இயந்திர பம்பு பொருத்தப்பட்டவர்களில் பலரின் நிலை இதுதான். இதய மாற்று அறுவைக்காகக் காத்திருப்பவர்களுக்கும், அதற்கு வாய்ப்பே இல்லாதவர்களுக்கும் இதைப் பொருத்துகிறார்கள்.

இன்று பரவலாகப் பயன்படுவது ஹார்ட்மேட் 3. அமெரிக்காவில் 2017-ல் அனுமதி பெற்றது. கீழறையின் நுனியில் வட்டமாக ஒரு துளை போட்டு, அதில் பம்பின் உறிஞ்சு குழாயைச் செருகுகிறார்கள். உள்ளே காந்த விசையால் எதையும் தொடாமல் மிதக்கும் சுழலி, பெரும்பாலும் நிமிடத்துக்கு 5000 முதல் 6000 சுற்று வரை சுற்றி, ரத்தத்தை இன்னொரு குழாய் வழியாகப் பெருந்தமனிக்கு அனுப்புகிறது. நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் ஓடுகிறது என்று பம்பின் திரை காட்டும். அந்த எண் நேரடி அளவீடு அல்ல. சுழற்சி வேகம், செலவாகும் மின்சாரம், ரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம் ஆகியவற்றை வைத்துப் போட்ட கணக்கு. அது சரியாகவே இருந்தாலும் மொத்த ஓட்டத்தைத்தான் சொல்லும். ஏரியின் மதகில் தண்ணீர் பாய்வதை அளந்துவிட்டால், மூலையில் பாசி பிடித்துக் கிடக்கும் தண்ணீரைப் பற்றி என்ன தெரிந்துவிடும்? இங்கே கவலையே அந்த மூலையைப் பற்றித்தான். தேங்கிய ரத்தம் உறையும். உறைந்த கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தைக் கூட்டிவிடலாமே என்றால், அதற்கும் வழியில்லை. பம்பின் உராய்வு விசை, ரத்தக்கசிவை நிறுத்த உதவும் வான் வில்லிபிராண்ட் என்ற நீளமான புரதத்தைச் சிதைத்துவிடுகிறது. அதனால் இவர்களுக்குக் குடலில் ரத்தக்கசிவும் அடிக்கடி வருகிறது.

ஆரோக்கியமான இதயத்தில் தேக்கத்துக்கு இடமே இருக்காது. இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வு திறந்ததும் ரத்தம் பீறிட்டு உள்ளே வரும். வால்வின் விளிம்பில் அது சுருண்டு வளையமாகச் சுழலும். அந்தச் சுழல் கீழறையின் சுவர்களைக் கழுவிக்கொண்டே ரத்தத்தைத் திருப்பி, பெருந்தமனி வால்வின் பக்கம் கொண்டுசெல்லும். உள்ளே வரும் வாசலும் வெளியேறும் வாசலும் அருகருகே இருப்பதால் இந்தத் திருப்பம் அவசியம். பம்பு வந்ததும் வெளியேறும் வழி அடியிலுள்ள நுனிக்கு மாறிவிடுகிறது. மைட்ரல் வால்வில் நுழைந்த ரத்தம் நேராகக் கீழே போய்க் குழாயில் விழுகிறது. பம்பு பெரும்பகுதியை இழுத்துக்கொண்டால், பெருந்தமனி வால்வைத் தள்ளித் திறக்கும் அழுத்தம் கீழறையில் உருவாகாது. வால்வு மூடியே கிடக்கும். அதன் அடியிலும், மேலே பெருந்தமனியின் தொடக்கத்திலும் ரத்தம் அசையாமல் நிற்கும். குழாய் சுவரில் நுழையும் இடத்தைச் சுற்றியுள்ள இடுக்கு இன்னொரு ஆபத்தான மூலை.

சரி, இதைப் படம்பிடிப்பது எப்படி? இதயத்துக்குள் ரத்தத்தின் வேகத்தையும் திசையையும் முப்பரிமாணத்தில் காட்டுவதில் எம்ஆர்ஐ கெட்டிக்காரக் கருவி. ஆனால் உடலுக்குள் காந்தமும் உலோகமும் கொண்ட பம்பு இருக்கும்போது எம்ஆர்ஐ அறைப் பக்கமே போகக்கூடாது. சிடி ஸ்கேன் எடுக்கலாம். குழாய் எந்தக் கோணத்தில் நிற்கிறது, எங்கே கட்டி இருக்கிறது என்றெல்லாம் காட்டும், வேகத்தைக் காட்டாது. கடைசியில் மிஞ்சுவது, கேளா ஒலியலையை அனுப்பிப் படமெடுக்கும் எக்கோ.

எக்கோவுக்கும் சங்கடம் உண்டு. கீழறையை நன்றாகப் பார்க்க, மார்பில் நுனி துடிக்கும் இடத்தில்தான் ஆய்வுக்கருவியை வைப்பார்கள். பம்பு உட்கார்ந்திருப்பதும் அங்கேயேதான். உலோகம் ஒலியலையை மறித்துக் கறுப்பு நிழல் விழச் செய்யும். ஹெச்வேட் என்ற பம்பு (2021-ல் விற்பனையை நிறுத்திவிட்டார்கள்) இன்னும் மோசம். ரத்த ஓட்டத்தை நிறங்களில் காட்டும் டாப்ளர் முறையை இயக்கினாலே திரை முழுக்க நிறங்கள் அருவிபோலக் கொட்டி உண்மையான ஓட்டத்தை மறைத்துவிடும். ஆகவே மருத்துவர்கள் மார்பெலும்பின் ஓரத்திலிருந்து சாய்வாகப் பார்த்துச் சமாளிக்கிறார்கள்.

அன்றாடத்தில் செய்வது வேகப் பரிசோதனை. பம்பின் வேகத்தைப் படிப்படியாக, ஹார்ட்மேட் 3-ல் 100 சுற்று வீதம் கூட்டி, ஒவ்வொரு படியிலும் எக்கோ பார்ப்பார்கள். கீழறை எவ்வளவு சுருங்குகிறது, நடுச்சுவர் எந்தப் பக்கம் சாய்கிறது, பெருந்தமனி வால்வு திறக்கிறதா என்பதே கேள்வி. வால்வின் மேல் ஒற்றைக் கோட்டை வைத்து நேரப்போக்கில் பதிவு செய்தால், திறக்கும் துடிப்பில் இதழ்கள் விலகிச் சின்னக் கட்டம் தெரியும். திறக்காவிட்டால் ஒரே நேர்கோடு. எளிய சோதனைதான், ஆனால் இதற்கு இணையாகப் பயன்தரும் இன்னொன்றைச் சொல்வது கடினம்.

ஓட்டத்தின் வரைபடமே வேண்டும் என்றால் கொஞ்சம் கணிதம் தேவை. ஒலிக்கற்றையை நோக்கி வரும் வேகமும் அதிலிருந்து விலகும் வேகமும்தான் டாப்ளருக்குத் தெரியும். குறுக்கே ஓடும் ரத்தம் அதன் கண்ணில் படாது. ஆனால் ரத்தம் அமுங்காத திரவம். ஓரிடத்தில் நுழைந்தது அடுத்த இடத்தில் வெளியேறியே ஆகவேண்டும். இந்த ஒரு நிபந்தனையையும் சுவரின் அசைவையும் வைத்துக் குறுக்கு வேகத்தைக் கணக்கிட்டு எடுத்துவிடலாம். சான் டியேகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பொறியாளர்களும் மாட்ரிட் இதய மருத்துவர்களும் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனார்கள். கிடைத்த வேக வரைபடத்தில், கீழறைக்குள் ஒவ்வொரு புள்ளியிலும் உள்ள ரத்தம் எத்தனை விநாடியாக உள்ளேயே இருக்கிறது என்று கணக்கிட்டார்கள். வேகத்தைவிட இந்தத் தங்கும் நேரம்தான் உறைதலுக்கு நெருக்கமான அளவு என்பது என் எண்ணம். ஒரே இடத்தில் சுழலும் ரத்தம் வேகமாகத் தெரியும், ஆனால் வெளியே போகாது.

இன்னொரு வழி, சில மைக்ரான் அளவுள்ள வாயுக் குமிழிகளை ரத்தக்குழாயில் (சிரையில்) செலுத்தி அவற்றைப் பின்தொடர்வது. இதற்கு வேகமான படங்கள் வேண்டும். 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒலி போய்த் திரும்ப ஏறக்குறைய 0.2 மில்லி விநாடி ஆகும். வரி வரியாக வருடினால் விநாடிக்குச் சில பத்துப் படங்கள்தான் கிடைக்கும். ஒரே தட்டையான அலையை அனுப்பி முழுப் படத்தையும் ஒரேயடியாக வாங்கினால் ஆயிரக்கணக்கில் எடுக்கலாம். ஆனால் உடலுக்கு வெளியே ரத்தத்துக்கு ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் எக்மோ கருவி இணைத்த நோயாளிக்குக் குமிழி செலுத்துமுன் யோசிக்க வேண்டும். சில எக்மோ கருவிகளின் காற்றுக்குமிழி உணரி, ஆபத்து என்று நினைத்துப் பம்பையே நிறுத்திவிடும்!

உடலில் பார்க்க முடியாததை ஆய்வகத்தில் பார்க்கிறார்கள். சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கேரன் மே-நியூமன் குழு, ஒளி ஊடுருவும் சிலிகோன் கீழறையோடு உண்மையான பம்பை இணைத்து இயக்குகிறது. உள்ளே ரத்தத்தின் பிசுபிசுப்புக்கு ஈடான கிளிசரின் கலந்த நீர், அதில் நுண்துகள்கள். லேசரைத் தகடுபோல விரித்துப் பாய்ச்சினால் ஒரு குறுக்குவெட்டில் உள்ள துகள்கள் மட்டும் மின்னும். நொடிப்பொழுது இடைவெளியில் இரண்டு படம் எடுத்து, துகள் கூட்டம் எவ்வளவு நகர்ந்தது என்று கணினி ஒப்பிட்டு வேகத்தைச் சொல்லும். பம்பு வேகம் கூடக்கூட, வால்வுக்கு அடியிலுள்ள பகுதி மந்தமாவது இதில் தெளிவாகத் தெரிகிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கணினி மாதிரிகளை வைத்து, குழாய் சாய்ந்து நின்றால் கட்டி உருவாகும் வாய்ப்பு கூடுவதையும் காட்டியிருக்கிறார்கள்.

இன்னும் ஒரு சிக்கல் பாக்கி. ஹார்ட்மேட் 3 இரண்டு விநாடிக்கு ஒருமுறை தன் வேகத்தைச் சட்டென்று 2000 சுற்று குறைத்து, பிறகு வழக்கத்தைவிட 2000 கூட்டி, மறுபடி பழைய நிலைக்கு வருகிறது. பம்புக்குள் ரத்தம் தேங்காமல் இருக்க இந்த ஏற்பாடு. ஆனால் இது இதயத்துடிப்போடு ஒத்துப் போவதில்லை. ஒருமுறை துடிப்பின் தொடக்கத்தில் விழும், அடுத்த முறை நடுவில். எக்கோ வரைபடக் கணக்கோ பல துடிப்புகளை ஈசிஜியை வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுக்கிறது. அப்படி அடுக்கும்போது பம்பின் இந்தத் துள்ளல் கலங்கிக் காணாமல் போகிறது. அதைப் பிடிக்க இதயத்தின் ஈசிஜியோடு பம்பின் கடிகாரத்தையும் சேர்த்துப் பதிவு செய்து, துடிப்புகளைத் தனித்தனியாகப் பிரித்தாக வேண்டும்.