நினைத்தது நழுவும் முன்னே கைப்பேசியில் ஏற்றுவது எப்படி?

1959இல் இண்டியானா பல்கலைக்கழகத்தில் லாயிட் பீட்டர்சன், மார்கரெட் பீட்டர்சன் இருவரும் ஒரு சோதனை நடத்தினார்கள். மூன்று எழுத்துகளைச் சொல்வார்கள். உடனே ஓர் எண்ணைக் கொடுத்து, அதிலிருந்து மூன்று மூன்றாகக் கழித்து எண்ணிக்கொண்டே வரச் சொல்வார்கள். 18 வினாடி கழித்து எழுத்துகளைக் கேட்டால், பத்துக்கு ஒரு தடவைதான் சரியாக வந்தது. எண்ணுகிற வேலையில், எழுத்துகளை மனதுக்குள் திருப்பிச் சொல்லிப் பார்க்க இடமில்லாமல் போயிற்று.

சோமனூர்ப் பக்கம் தறிக்குடோனில் தறி ஓட்டுகிறவருக்கு நாளெல்லாம் இதே சோதனைதான். ஏழாம் தறியில் பெல்ட் தேய்ந்திருப்பது கண்ணில் படுகிறது. குறித்து வைக்கலாம் என்பதற்குள் மூன்றாம் தறியில் நூல் அறுகிறது. கைப்பேசியை எடுத்து, பூட்டைத் திறந்து, குறிப்புச் செயலியைத் தேடி, புதுப் பக்கம் தட்டி, விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றுவதற்குள் அந்த 18 வினாடி ஓடிவிடும். தானியங்கிச் செயலிகள் இந்த ஐந்து படிகளை ஒரே தொடுதலாகச் சுருக்குகின்றன. ஆண்ட்ராய்டில் டாஸ்கர், மேக்ரோட்ராய்டு, ஆட்டோமேட் ஆகியவை இதற்குப் பேர்போனவை. டாஸ்கர் காசு கொடுத்து வாங்குவது. மேக்ரோட்ராய்டில் ஐந்து மேக்ரோ (தானாக ஓடும் செயல்தொகுப்பு) வரை இலவசம். குறிப்பெடுக்க அதுவே தாராளம். ஐபோனில் ஷார்ட்கட்ஸ் கூடவே வருகிறது.

எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: ஒரு தூண்டல், அதன் பின்னால் வரிசையாகச் சில செயல்கள். ஆண்ட்ராய்டில் ஒரு செயலி இன்னொரு செயலியிடம் வேலையை ஒப்படைக்க முடியும். "பேச்சைக் கேட்டு எழுத்தாக்கிக் கொடு" என்று டாஸ்கர் கேட்டால், கைப்பேசியில் உள்ள பேச்சறி சேவை எழுந்து, கேட்டு, எழுத்தைத் திருப்பித் தருகிறது. டாஸ்கருக்குப் பேச்சும் தெரியாது, தமிழும் தெரியாது. வேலையைச் சரியான ஆளிடம் கொடுத்து வாங்கத் தெரியும், அவ்வளவே.

முதலில் முடிவு செய்ய வேண்டியது தூண்டலை. பெரும்பாலோர் இங்கேதான் சறுக்குகிறார்கள். கைப்பேசியைக் குலுக்கினால் ஓடு, இந்த இடத்துக்கு வந்தால் ஓடு என்பவை செயலி பின்னணியில் விழித்திருந்தால்தான் வேலை செய்யும். ஆண்ட்ராய்டு 6 (2015) முதல் மின்கலத்தைச் சேமிக்கச் செயலிகளைத் தூங்கவைக்கும் ஏற்பாடு உண்டு. பல தயாரிப்பாளர்கள் அதற்கு மேலும் ஒருபடி போய்ப் பின்னணிச் செயலியை நிறுத்தியே விடுகிறார்கள். காலையில் ஓடிய மேக்ரோ மத்தியானம் ஓடாததற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். அதற்கு மாறாக, திரையின் மேலிருந்து இழுத்தால் வரும் விரைவு அமைப்புக் கட்டம், முகப்புத் திரை விட்ஜெட், கைப்பேசியை அருகே கொண்டுபோனால் படிக்கும் என்எஃப்சி வில்லை ஆகியவற்றைத் தொடும்போது, இயங்குதளமே செயலியை எழுப்பிவிடும். அவசரக் குறிப்புக்கு இவற்றையே நம்பலாம். இன்னொரு காரணமும் உண்டு. ஆண்ட்ராய்டு 9 (2018) முதல், பின்னணியில் கிடக்கும் செயலியால் மைக்கைத் தொட முடியாது. நாமே தொட்டு எழுப்பினால் அந்தத் தடை வராது.

டாஸ்கரில் செய்முறை இது. புது டாஸ்க் (செயல்களின் வரிசை) ஒன்றைத் தொடங்கி, இன்புட் பிரிவில் கெட் வாய்ஸ் செயலைச் சேர்த்து, மொழியைத் தமிழ் (இந்தியா) என்று வையுங்கள். அடுத்து, கிடைத்த எழுத்து வெறுமையாக இருந்தால் நீளமாக ஒரு அதிர்வு கொடுத்து நிறுத்தும்படி ஒரு நிபந்தனை. வெறுமையாக இல்லாவிட்டால், ஃபைல் பிரிவிலுள்ள ரைட் ஃபைல் செயல்: தேதி, நேரம், பேசிய வரி மூன்றையும் ஒரு சாதாரண உரைக்கோப்பில் எழுதச் சொல்லுங்கள். அதிலே "அப்பெண்ட்" கட்டத்தில் டிக் போடாவிட்டால் ஒவ்வொரு குறிப்பும் முந்தையதை அழித்துவிட்டு உட்காரும். மறக்கவே கூடாத இடம் இது. கடைசியில் 200 மில்லிவினாடி அதிர்வு ஒன்று. திரையைப் பார்க்காமலே "ஏறிவிட்டது" என்று கைக்குத் தெரிய வேண்டும். இல்லையென்றால் சந்தேகத்தில் ஒவ்வொரு தடவையும் திறந்து பார்ப்போம், மிச்சம் பிடித்த வினாடிகள் அதிலேயே போய்விடும். பிறகு இந்த டாஸ்க்கை விரைவு அமைப்புக் கட்டத்தோடு இணைத்து, மேலிருந்து இழுத்தால் வரும் முதல் வரிசையிலேயே வையுங்கள்.

ஐபோன் 8 முதலான கருவிகளில், ஐஓஎஸ் 14 (2020) வந்த பிறகு, முதுகுப்பக்கம் இரண்டு தட்டுத் தட்டி ஷார்ட்கட்டை ஓடவைக்கலாம். அமைப்புகளில் அணுகல்தன்மை, டச், பேக் டேப் என்று உள்ளே போனால் கிடைக்கும். தடித்த உறை போட்டிருந்தால் தட்டு சரியாகப் பதியாமல் போகலாம்.

இனிப் பேச்சுக்கு வருவோம். சாதாரணப் பேச்சு ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 60 டெசிபல். தூரம் பாதியானால் 6 டெசிபல் கூடும். வாயிலிருந்து 5 சென்டிமீட்டருக்கு மைக்கைக் கொண்டுவந்தால் கிட்டத்தட்ட 86. தறிக்குடோனில் 90 டெசிபலைத் தாண்டிய சத்தம் சாதாரணம். ஆக, மைக்கை உதட்டருகே பிடித்தாலும் தறியின் சத்தம்தான் மேலோங்கும். பேச்சறி சேவைக்கு க, ச, ட போன்ற மெய்யொலிகள் முக்கியம். அவற்றின் ஆற்றல் உயிரொலியைவிடக் குறைவு, முதலில் அமுங்குவதும் அவைதான். எத்தனை விலை கைப்பேசியானாலும் குடோனுக்குள் பேச்சை நம்பாதீர்கள். தோட்டத்திலும் வீட்டிலும் நின்ற வண்டியிலும் பேச்சு அருமையாக வேலை செய்கிறது. வால்பாறை மலைப்பாதை மாதிரி சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் எழுத்தாக்கத்தை விட்டுவிட்டு ஒலியை அப்படியே பதிவு செய்துகொள்வது மேல். பேச்சைச் சுருக்கிப் பதியும் ஏஎம்ஆர் வடிவில், வினாடிக்கு 12.2 கிலோபிட் வேகத்தில் பதிந்தால் ஒரு நிமிடத்துக்கு 100 கிலோபைட்கூட ஆகாது.

சத்தமான இடத்துக்கு என்எஃப்சி வில்லைதான் சரி. ஒட்டுபொட்டு அளவிலான அந்த வில்லைக்குள் ஒரு கம்பிச்சுருளும் சிறு சில்லும் இருக்கின்றன, மின்கலம் கிடையாது. கைப்பேசி 13.56 மெகாஹெர்ட்ஸில் உண்டாக்கும் காந்தப்புலம் சுருளில் மின்சாரத்தைத் தூண்ட, சில்லு விழித்துத் தன் எண்ணைச் சொல்கிறது. எட்டும் தூரம் சுமார் 4 சென்டிமீட்டருக்குள். என்டாக்213 என்ற வில்லை வகையில் 144 பைட் எழுத இடமுண்டு. வில்லையின் எண் மட்டுமே தேவை என்பதால் அந்த இடம்கூட வேண்டியதில்லை. ஏழாம் தறியின் வில்லையைத் தொட்டால் திரையில் நான்கு சொற்கள் வரட்டும்: பெல்ட், பாவு, ஊடை, கரண்ட். ஒன்றைத் தொட்டால் தறி எண்ணும் நேரமும் தானாகச் சேர்ந்து கோப்பில் ஏறிவிடும். பஞ்சுத்தூசி படிந்தால் கியூஆர் படம் படிக்காது. வில்லைக்குத் தூசியும் எண்ணெயும் பொருட்டில்லை.

ஆனால் தறியின் இரும்புச் சட்டத்திலோ மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியின் தகரத்திலோ அதை நேராக ஒட்டினால் செத்த வில்லைபோலக் கிடக்கும். மாறும் காந்தப்புலம் உலோகத்தில் சுழல் மின்னோட்டங்களை எழுப்புகிறது. அவை எதிர்ப்புலம் உண்டாக்கி, வில்லைக்குப் போக வேண்டியதைக் குலைத்துவிடுகின்றன. வில்லை கெட்டுவிட்டது என்று தூக்கி எறிகிறவர்கள் ஏராளம். ஃபெரைட் என்ற காந்தப்பொருளின் படலம் சேர்த்த, உலோகத்தில் ஒட்டுவதற்கான வில்லை என்று கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஒரு சென்டிமீட்டர் தடிமன் மரத்துண்டை இடையில் வைத்து ஒட்டிப் பாருங்கள். திரை அணைந்திருந்தால் கைப்பேசி வில்லையைப் படிக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் பூட்டும் திறந்திருக்க வேண்டும். தோட்டத்தில் எந்நேரம் மோட்டார் போட்டோம், எந்த வால்வுக்குத் திறந்துவிட்டோம் என்று கணக்கு வைக்கவும் இதே ஏற்பாடு போதும்.

இடத்தை வைத்து நினைவூட்டுவது கேட்க நன்றாயிருக்கும், கணக்குப் போட்டுப் பார்க்காமல் நம்பினால் ஏமாற்றும். பொள்ளாச்சியிலிருந்து கோவைக்குப் போகையில் கிணத்துக்கடவில் ஒரு பொருள் வாங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கடையைச் சுற்றி 150 மீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டால், 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி அதை 18 வினாடியில் கடந்துவிடும். ஆண்ட்ராய்டு 8 முதல் பின்னணிச் செயலிக்கு இடத்தகவல் சராசரியாக இரண்டு மூன்று நிமிடம் தாமதித்தே வரும் என்று கூகுளின் நிரலாளர் கையேடே சொல்கிறது. அதற்குள் வண்டி மூன்று கிலோமீட்டர் தாண்டியிருக்கும். சாலைப் பயணத்துக்கு ஆரத்தை 3 கிலோமீட்டராக வையுங்கள்.

ஏறிய குறிப்புகளைப் பிரிப்பது தனி வேலை. ஏற்றும்போதே எந்தப் பட்டியல், எவ்வளவு அவசரம் என்று கேட்கும் செயலி அந்த 18 வினாடியைத் தின்றுவிடும். கிணற்றுத் தண்ணீர் முதலில் தொட்டிக்கு வந்து பிறகுதானே வாய்க்காலில் பிரிகிறது. குறிப்பும் அப்படி ஒரே கோப்புக்கு வரட்டும். இரவில் ஒரு தடவை டாஸ்கரே அதைப் படித்து, வாங்க வேண்டியவை, பேச வேண்டியவை, பணம் கட்ட வேண்டியவை என்று பிரிக்கலாம்.

இங்கே ஒரு நுணுக்கம். ஆங்கிலத்துக்கு எழுதிய செய்முறைகள் வரியின் முதல் சொல்லைப் பார்க்கச் சொல்லும். நம் பேச்சில் வினை கடைசியில் வருகிறது: "அரைக் கிலோ ஆணி வாங்கோணும்", "மில்லுக்காரங்ககிட்டப் பேசோணும்". ஆகவே கடைசி இரண்டு சொற்களைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு ஏன் என்றால், சேவை சில சமயம் "வாங்க வேணும்" என்று பிரித்து எழுதும். "வாங்க" என்று தொடங்குகிறதா என்று பார்த்தால் வாங்கு, வாங்கணும், வாங்கோணும் எல்லாமே அகப்படும். ஏனெனில் எழுத்துகளைக் கணினி சேமிக்கும் முறையான யூனிகோடில் கு, கோ எல்லாம் முதலில் க, அடுத்துத் துணையெழுத்து என்றே சேமிக்கப்படுகின்றன. ஆனால் ஒகர, ஓகாரத் துணையெழுத்தை ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் "சொல்ல" என்ற சொல் கணினிக்கு இரண்டு வேறு சொற்களாகி, பொருத்தம் தவறும். தேடுசொல்லில் அந்த எழுத்துகள் வராதபடி பேச, வாங்க, கட்ட என்று தேர்ந்துகொள்வதே எளிய வழி.

ஒரே கோப்பில் இரண்டு கைப்பேசிகள் எழுதி இணையக் கிடங்கில் சேர்ந்தால் முரண்பட்ட நகல்கள் உருவாகும். அண்ணன் தம்பி இருவரும் தோட்டத்துக் கணக்கு எழுதுவதாயிருந்தால், ஒவ்வொரு குறிப்பையும் தனிக் கோப்பாக்கி, ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், வினாடி என்ற வரிசையில் பெயரிட்டு, இறுதியில் எழுதியவர் பெயரின் முதலெழுத்தைச் சேருங்கள். அகரவரிசையே காலவரிசையாகிவிடும்.

அனுமதி கேட்கும்போது மைக், கோப்பு இரண்டு மட்டும் கொடுத்தால் இந்த வேலைக்குப் போதும். அறிவிப்புகளைப் படிக்கும் அனுமதி கொடுத்தால் வங்கியின் ஓடிபியும் அந்தச் செயலியின் கண்ணில் படக்கூடும். மின்கலச் சிக்கனப் பட்டியலிலிருந்து செயலிக்கு விலக்குக் கொடுங்கள். இயங்குதளம் புதுப்பித்த மறுநாள் அந்த விலக்கு அப்படியே இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.