ஆங்சைட்டி: பதட்டமா, பதற்றமா, வெப்ராளமா?

என் தங்கைக்கு அப்போது ஏழாம் மாதம். களியக்காவிளைப் பக்கம் இருக்கிற எங்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் ஒன்று நாகர்கோவில், இல்லையென்றால் எல்லை தாண்டி 30 கிலோமீட்டர் சொச்சம் போனால் திருவனந்தபுரம். அன்றைக்குத் திருவனந்தபுரம் போயிருந்தோம். டாக்டர் ஓ.பி. சீட்டின் ஓரத்தில் ‘ஆங்சைட்டி’ என்று எழுதி, கவுன்சலரைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். கவுன்சலர் மலையாளத்தில் ‘உத்கண்ட’ என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா அந்தச் சீட்டை மடித்து விரித்து மடித்து விரித்து, கடைசியில் என்னிடம் கேட்டார்: “அது என்ன சீக்கு மக்கா?”

நான் “டென்ஷன்மா” என்றேன்.

“டென்ஷன் எல்லாருக்கும் உள்ளதுதானே. மசக்கையில அப்படித்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு அம்மா சீட்டைப் பைக்குள் வைத்துவிட்டார். அதோடு பேச்சு முடிந்தது. தங்கை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் சொன்ன ஒரு தவறான சொல் அவளுடைய கஷ்டத்தையே இல்லாமல் ஆக்கிவிட்டது என்று எனக்கு உறைக்க ஒரு வாரம் ஆனது. அந்தச் சொல்லுக்குச் சரியான தமிழ் என்ன என்று அப்புறம்தான் தேட ஆரம்பித்தேன்.

முதலில் ஆங்சைட்டி. லத்தீனில் ‘ஆங்கெரே’ என்று ஒரு வினைச்சொல், நெரிப்பது, இறுக்குவது என்று பொருள். மனத்தைப் பற்றிய சொல்லே அல்ல, கழுத்தைப் பிடித்து நெரிக்கிறார்களே, அதுதான். அதிலிருந்து வந்தது ஆங்சைட்டி. நெஞ்சு வலிக்கு டாக்டர்கள் சொல்லும் ‘ஆஞ்சைனா’வும் ஜெர்மன்காரர்கள் பயத்துக்குச் சொல்லும் ‘ஆங்ஸ்ட்’டும் அதே குடும்பம்தான். தங்கை டாக்டரிடம் சொன்னது என்ன தெரியுமா? “தொண்டையில ஏதோ கட்டி நிக்குத மாதிரி இருக்கு, எச்சில் இறங்க மாட்டேங்குது.” லத்தீன் அறியாத பிள்ளை அந்தச் சொல்லின் வேரையே சொல்லியிருக்கிறாள்.

உத்கண்ட இன்னும் அழகான சொல். சமஸ்கிருதத்தில் ‘உத்’ மேலே, ‘கண்டம்’ கழுத்து. கழுத்தை எக்கிப் பார்ப்பது, அதாவது வர வேண்டியவர் வருகிறாரா என்று வழிமேல் விழி வைத்துக் கிடக்கும் ஏக்கம். காதலர்களுக்குச் சொன்ன சொல் அது. மலையாளத்தில் இன்று அது மனநலத் துறையின் சொல்லாகிவிட்டது. ஒன்று கழுத்தை நெரிக்கிறது, மற்றொன்று கழுத்தை நீட்டுகிறது. இரண்டும் கழுத்தில்தான் வந்து நிற்கின்றன. பிரசவ நாளை எண்ணிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கிறது என்றுதான் சொல்வேன்.

எங்கள் தாலுகா 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் அன்றைக்குத்தான் தமிழ்நாட்டோடு (அப்போது சென்னை மாநிலம்) சேர்ந்தன. கோடு மாறினாலும் பேச்சு மாறவில்லை, இரண்டு பக்கத்துச் சொல்லும் எங்கள் வாயில் கிடக்கும். எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்துப் பாறசாலை தாண்டினால் ‘ஆதி’ என்பார்கள். நம் முதல், தொடக்கம் என்ற ஆதி அல்ல. உடம்பு நோய்க்கு வியாதி, மன நோவுக்கு ஆதி என்ற வடமொழி ஜோடியில் வரும் ஆதி. தமிழ்ப் பேச்சில் தங்கியது வியாதி மட்டும், ஆதி கைவிட்டுப் போய்விட்டது. மனத்துக்கு வருவதையும் தனியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு சொல் இருந்தும் நாம் விட்டுவிட்டோமே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம். மலபார்ப் பக்கம் ‘பேஜார்’ என்றால் கவலை, மனக்கலக்கம். பாரசீகச் சொல், சென்னையில் ‘பேஜாரா போச்சு’ என்று தொல்லைக்குச் சொல்கிறார்களே, அதேதான்.

எங்கள் ஊர்ச் சொல் வெப்ராளம். மலையாளத்திலும் உண்டு, இங்கேயும் உண்டு. கை ஒரு வேலையில் நிற்காது, வாய் ஒரு பேச்சில் நிற்காது, உள்ளே என்னமோ கொதித்துக்கொண்டு கிடக்கும், அதுதான் வெப்ராளம். அம்மாவிடம் டென்ஷன் என்பதற்குப் பதில் “அவளுக்கு வெப்ராளம் நிக்கவே மாட்டேங்குதாம், ராப்பகலா இருக்காம்” என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே புரிந்திருக்கும்.

டென்ஷன் என்ற சொல்லைப் பற்றி ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். நம் ஆட்கள் ரத்த அழுத்தத்துக்கும் டென்ஷன் என்பார்கள், மனக்கலக்கத்துக்கும் டென்ஷன் என்பார்கள். மற்ற நேரத்தில் பரவாயில்லை, கர்ப்பத்தில் இந்தக் குழப்பம் ஆபத்து. 20 வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டால் அது தாயையும் பிள்ளையையும் பாதிக்கக்கூடிய நோயின் அறிகுறியாக இருக்கலாம், மாத்திரையும் கண்காணிப்பும் வேண்டும். அதை ‘மனசைப் போட்டு அலட்டிக்காத, சரியாயிடும்’ என்று விட முடியாது. அதே மாதிரி நெஞ்சு படபடப்புக்கு ரத்தசோகையோ தைராய்டோ காரணமாக இருக்கலாம், அதையும் டெஸ்ட் எடுத்துப் பார்த்த பிறகுதான் மனம் பக்கம் போக வேண்டும். ஆகவே டென்ஷன் என்ற சொல்லை ஆஸ்பத்திரி விஷயத்தில் தயவு செய்து விட்டுவிடுங்கள்.

சரி, தமிழுக்கு வருவோம். கவலை பழைய சொல். குறளில் 7ஆம் குறளிலேயே ‘மனக்கவலை’ வந்துவிடுகிறது. பழந்தமிழில் கவலை என்றால் வழி பலவாகப் பிரியும் இடம் என்ற பொருளும் உண்டு. எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் கவர்த்த பாதையில் நிற்பது, நினைத்துப் பார்த்தால் எவ்வளவு பொருத்தம். ஆனால் ஆங்சைட்டிக்குக் கவலை போதாது. கவலைக்குக் காரணம் இருக்கும், காரணம் தீர்ந்தால் கவலையும் தீரும். ஸ்கேனில் பிள்ளை நன்றாக இருக்கிறது என்று சொன்ன பிறகும், வீட்டுக்கு வந்து அரைமணி நேரத்தில் மறுபடி நெஞ்சு அடிக்க ஆரம்பிக்கிறதே, அதற்கு வேறு சொல் வேண்டும்.

அந்தச் சொல் பதற்றம். பதறு என்ற வினையிலிருந்து வருகிறது. மாறு மாற்றம், ஏறு ஏற்றம், தடுமாறு தடுமாற்றம், அதே கணக்கில் பதறு பதற்றம். பேப்பரிலும் டி.வி.யிலும் ‘பதட்டம்’ என்று எழுதுகிறார்கள், அது பேச்சு வழக்கு. பேசும்போது இருந்துவிட்டுப் போகட்டும், எழுதும்போது ‘ற்ற’ போடுங்கள். ‘பதறாத காரியம் சிதறாது’ என்ற பழமொழியில் பதறுவது அவசரப்படுவது. ஆனால் அவசரம் மட்டும் அல்ல, உடம்பு நடுங்குவதும் உள்ளம் நடுங்குவதும் அந்த ஒரு சொல்லுக்குள் சேர்ந்தே இருக்கின்றன. அதனால்தான் எனக்கு அது பிடித்திருக்கிறது. இலங்கைத் தமிழர்கள் மனநலப் புத்தகங்களில் ‘பதகளிப்பு’ என்று எழுதுகிறார்கள், அதுவும் நல்ல சொல்தான், நம் பக்கம் புழக்கம் இல்லை. ‘மன அழுத்தம்’ என்று மட்டும் போடாதீர்கள், அது ஸ்ட்ரெஸ். டிப்ரெஷனுக்கு மனச்சோர்வு. மூன்றையும் ஒரே சொல்லில் அடைத்தால் மூன்று பேரின் நோயும் ஒன்றாகிவிடும்.

கர்ப்பத்தோடு சேர்த்துச் சொல்ல ‘கர்ப்பகாலப் பதற்றம்’ போதும். சூல்காலம் என்று எழுதினால் அழகு, ஆனால் சீட்டைக் கையில் வைத்திருக்கும் அம்மாவுக்குப் புரிய வேண்டும்.

இனி மசக்கை. மயக்கு என்பதுதான் மசக்கு ஆகி மசக்கை ஆனது. உயிர் உசிர் ஆவது போல, அயலூர் அசலூர் ஆவது போல. வாந்தி, தலைசுற்றல், புளிப்பின் மேல் ஆசை எல்லாம் அதற்குள் அடங்கும். இதற்கும் முந்திய சொல் வயா. ‘வயா என் கிளவி வேட்கைப் பெருக்கம்’ என்கிறது தொல்காப்பியம். புறநானூற்றின் 20ஆம் பாட்டில் குறுங்கோழியூர் கிழார் ஒரு சேர அரசனைப் புகழ்கிறார்: உன் நாட்டு மண்ணை வயாவுற்ற பெண்கள் ஆசைப்பட்டு உண்டால்தான் உண்டு, பகைவரால் உண்ண முடியாது என்று. மண் தின்னும் ஆசை இன்றைக்கும் கர்ப்பிணிகளிடம் டாக்டர்கள் பார்ப்பதுதான், ரத்தசோகையோடு சேர்ந்து வருவது. சேரநாட்டில் அந்தச் சொல் செத்துப்போகவில்லை. கர்ப்பிணியின் ஆசைக்கு மலையாளத்தில் ‘வியாக்கூண்’ என்கிறார்களே, அதன் முன்பாதி நம் வயாவின் உறவுதான். நாம் மறந்த சொல் எல்லைக்கு அந்தப் பக்கம் மாங்காய் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

பிரச்சினை என்னவென்றால் மசக்கை என்ற பெயருக்குள் எல்லாவற்றையும் போட்டு மூடிவிடுகிறோம். மசக்கை பெரும்பாலும் நாலைந்து மாதத்தில் அடங்கிவிடும். தங்கைக்கு ஏழாம் மாதம். ராத்திரி 2 மணிக்கு அவள் எழும்பி உட்கார்ந்திருப்பதை நான் பார்த்தேன். இடது கை வயிற்றில், வலது கையில் போன், அதன் வெளிச்சத்தில் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறாள். பிள்ளை அசைந்தது. “அசைஞ்சிருச்சுல்ல, படு” என்றேன். “அது அசைஞ்சதா, எனக்குத் தோணினதா?” என்று கேட்டாள். அவளுக்கு முன்னால் ஒரு கர்ப்பம் மூன்றாம் மாதத்தில் கலைந்திருந்தது. கணவர் துபாயில். காரணங்களைக் கேட்டால் இவ்வளவுதான் சொல்ல முடியும். உளவியல் காரணிகள் என்று புத்தகங்கள் எழுதுவது இதைத்தான்: முந்தைய இழப்பு, தனிமை, பணக் கஷ்டம், ‘ஆம்பளப் பிள்ளையா பெத்துக் குடு’ என்ற நச்சரிப்பு, வீட்டில் அடி.

ஒன்றைக் கவனமாகச் சொல்கிறேன். பிள்ளையின் அசைவு உண்மையிலேயே குறைந்தால் அதைப் பதற்றம் என்று ஒதுக்கக்கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நூறு தடவை வீணாகப் போனாலும் பரவாயில்லை.

இது அபூர்வமும் அல்ல. கர்ப்பிணிகளில் சுமார் 10 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் வருகிறது, அதில் மனச்சோர்வே அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வளரும் நாடுகளில் அது 15.6 சதவீதம். கடுமையான பதற்றத்தைக் கவனிக்காமல் விட்டால் குறைப்பிரசவத்தோடும் குழந்தையின் எடைக் குறைவோடும் அதற்குத் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை, பேச்சு வழியான சிகிச்சையே பலருக்கு உதவுகிறது. மாத்திரை வேண்டுமா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும், ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் தாங்களாக நிறுத்தவும் கூடாது.

கண்டுபிடிக்க டாக்டர்கள் பயன்படுத்துவதில் ஒன்று எடின்பரோ வினாப்பட்டியல். 1987இல் வந்தது, 10 கேள்விகள், கடந்த 7 நாளில் எப்படி இருந்தீர்கள் என்று கேட்கும். பிரசவத்துக்குப் பிந்திய சோர்வுக்காகச் செய்தது, கர்ப்ப காலத்திலும் பயன்படுகிறது. அதில் தக்க காரணம் இல்லாமல் கவலைப்பட்டீர்களா என்று ஒரு கேள்வி, தக்க காரணம் இல்லாமல் பயந்து நடுங்கினீர்களா என்று அடுத்த கேள்வி. இரண்டுக்கும் ‘டென்ஷன் ஆனீங்களா’ என்று நர்ஸ் வாயால் கேட்டால் இரண்டு கேள்வியும் ஒன்றாகிவிடும், மதிப்பெண்ணும் தவறாகிவிடும். சொல்லில் இவ்வளவு இருக்கிறது.

பிரசவத்தின் மேலேயே வரும் கடும் பயத்துக்கு ஆங்கிலத்தில் ‘டோகோஃபோபியா’ என்று தனிப் பெயர் உண்டு, கிரேக்கத்தில் ‘டோகோஸ்’ என்றால் பிரசவம். தமிழில் பேற்றச்சம் என்று சொல்லலாம். அச்சம் என்பதே இங்கே பொருத்தம், ஏனென்றால் எதைப் பார்த்துப் பயம் என்பது தெரியும்.

ஆஸ்பத்திரி தூரம் என்றால் 14416. டெலி-மானஸ் என்ற அரசு இலவச எண், 2022 முதல் நடக்கிறது, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். உயிரை விட்டுவிடலாமா என்ற நினைப்பு வந்தால் காத்திருக்கவே கூடாது, கூட இருப்பவர்கள் உடனே அழைத்துப் போக வேண்டும்.

தங்கை மூன்று முறை கவுன்சலரிடம் போனாள். மூன்றாவது முறை அம்மாவும் உள்ளே போனார். “உத்கண்ட குறவுண்டோ?” என்று அந்தப் பெண் கேட்க, தங்கை வாய் திறப்பதற்கு முன் அம்மாவே பதில் சொல்லிவிட்டார்: “வெப்ராளம் குறைஞ்சிருக்கு டாக்டரே. நேத்து ராத்திரி நாலு மணிக்கூர் உறங்கினா, நான் பக்கத்துலதான் கிடந்தேன்.”