ஹீட் டேப் சூடாகவில்லை என்றால் செத்துவிட்டதா?

கடும் குளிர் அடிக்கும் இடங்களில் தண்ணீர்க் குழாயோடு ஒட்டிக்கொண்டு பட்டையாக ஒரு மின்கம்பி ஓடும். அதுதான் ஹீட் டேப். குழாய்க்குள் தண்ணீர் உறையாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை. உறையும்போது தண்ணீர் ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கும். ஆனால் பனிக்கட்டி அடைத்த இடத்திலேயே குழாய் வெடிப்பது குறைவு. கட்டிக்கும் மூடிய வால்வுக்கும் நடுவில் மாட்டிய தண்ணீருக்குப் போக்கிடம் இல்லாமல் அழுத்தம் ஏறி, பெரும்பாலும் அங்கேதான் பிளக்கும். டேப்பில் ஒரு முழம் செத்திருந்தாலே இதற்குப் போதும்.

அதனால் குளிர் தொடங்கும் முன்பே தொட்டுப் பார்ப்பார்கள். சூடே இருக்காது. மல்டிமீட்டர் வைத்தால் இணைப்பே இல்லை என்று காட்டும். போச்சு என்று கழற்றி எறிந்துவிடுவார்கள். பாவம், டேப் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

தூங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். பல டேப்புகளில் பிளக் பக்கம் ஒரு சிறு புடைப்பு இருக்கும், அது தெர்மோஸ்டாட். உள்ளே வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த தகடு. சுமார் 3 டிகிரி செல்சியஸுக்கு இறங்கினால் அது வளைந்து சுற்றை மூடும். 10 டிகிரியை ஒட்டி மறுபடி திறந்துவிடும். வெயில் நாளில் சுற்று திறந்துதான் கிடக்கும். மீட்டர் சொன்னது உண்மைதான், நாம்தான் தப்பாகப் புரிந்துகொண்டோம்.

எனவே தெர்மோஸ்டாட்டை ஏமாற்ற வேண்டும். பிளாஸ்டிக் பையில் ஐஸ் கட்டிகளைப் போட்டு அதன்மேல் கட்டி, கால் மணி நேரம் விடுங்கள். சிலவற்றில் 'டிக்' என்ற சத்தம்கூடக் கேட்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு இப்போது மின்தடையை அளந்தால் அந்த எண்ணை நம்பலாம். 230 வோல்ட்டில் 60 வாட் எடுக்கும் சாதாரண டேப் என்றால் 880 ஓம் அருகில் வர வேண்டும். இன்னும் முடிவிலி காட்டினால் கம்பியோ தெர்மோஸ்டாட்டோ போய்விட்டது. ஓம் கணக்கு வேண்டாம் என்பவர்கள் பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் வாட் மீட்டரைச் செருகிப் பார்க்கலாம். எனக்கு அதுதான் பிடித்த வழி. பிளக்கில் எரியும் குட்டி விளக்கை மட்டும் சாட்சியாக எடுக்காதீர்கள். மின்சாரம் அதுவரை வந்திருக்கிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது.

தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் வகை வேறு கதை. இரண்டு செம்புக் கம்பிகள் இணையாக ஓடும். நடுவில் கரித்துகள் கலந்த பிளாஸ்டிக். குளிரில் பிளாஸ்டிக் சுருங்கும்போது கரித்துகள்கள் ஒன்றையொன்று தொட்டு, மின்சாரம் பாய ஏராளமான பாதைகள் உண்டாகும். சூடேறினால் விரிந்து பாதைகள் அறுபடும், மின்சாரம் குறையும். ஒரே டேப்பின் ஒரு முனை சுடச்சுடவும் மறுமுனை வெதுவெதுப்பாகவும் இருக்க முடிவது இதனால்தான். இதற்கு ஓம் அளவு பெரிதாக உதவாது. வாட் மீட்டரை மாட்டி, டேப்பின் ஒரு பகுதியை ஐஸ் பைகளுக்கு நடுவில் வைத்துப் பாருங்கள். வாட் ஏறினால் உயிர் இருக்கிறது. போட்டவுடன் வரும் அளவைக் குறித்துக்கொள்ள வேண்டாம். குளிர்ந்த டேப் முதலில் நிறைய இழுத்துவிட்டுச் சில நிமிடங்களில்தான் அடங்கும். கம்பி பாதியில் அறுந்திருந்தாலும் முன்பாதி ஒழுங்காகச் சூடாகும் என்பதால் கடைசி முனையையும் தொட்டுப் பார்க்க வேண்டும்.

தொடுவதற்குப் பதில் அகச்சிவப்பு வெப்பமானியை நீட்டுபவர்கள் கவனிக்க: பளபளக்கும் செம்புக் குழாயில் அது தப்பாகக் காட்டும். கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் ஒரு துண்டு வெட்டிக் குழாயில் ஒட்டி அதன்மேல் அளவெடுங்கள்.

சூடு வருகிறது, ஆனால் மின்கசிவு பிரேக்கர் அடிக்கடி விழுகிறது என்றால், உறையில் எங்கோ கீறல் விழுந்து ஈரம் இறங்கியிருக்கலாம். பிரேக்கரைக் குறை சொல்லி அதைத் தாண்டி இணைப்பு கொடுக்கக் கூடாது. எலக்ட்ரீஷியன் மெகர் (மின்காப்பைச் சோதிக்கும் கருவி) வைத்துக் கசிவை உறுதி செய்தால், அந்த டேப்பைக் கழற்றிவிட்டுப் புதிதாகப் போட வேண்டியதுதான்.