இடிக்கும் முன் மேலே ஏறிப் பாருங்கள்

சென்னை அண்ணா சாலையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை பிரியும் முனையில் மினார் போன்ற கோபுரங்களோடு நிற்கிறது பாரத் இன்சூரன்ஸ் கட்டடம். 1897இல் கட்டி முடித்தபோது அதற்குப் பெயர் கார்டைல் பில்டிங். டபிள்யூ.ஈ. ஸ்மித் என்ற மருந்து வணிக நிறுவனத்துக்காக, இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பியக் கட்டடக் கலைகள் கலந்த இந்தோ-சாரசெனிக் பாணியில் ஜே.எச். ஸ்டீபன்ஸ் வடிவமைத்தார். மருந்துக்கடைக்கு எதற்குக் கோபுரம் என்று கேட்கலாம். விளம்பரப் பலகையின் வேலையைக் கட்டடமே பார்த்த காலம் அது!

1934இல் பாரத் இன்சூரன்ஸ் வாங்கியது. 1956இல் காப்பீட்டுத் துறை தேசியமயமானதும் எல்.ஐ.சி.யிடம் போனது. 2006இல் இடிக்கத் தொடங்கினார்கள். பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு உயர் நீதிமன்றம் சென்றதால் வேலை நின்றது. 2010 தீர்ப்பு இடிக்கக் கூடாது என்றது.

பழைய வணிகக் கட்டடங்களின் உறுதியைச் சோதிப்பது என் தொழில். “சார், ரொம்ப பழசு, இடிச்சிடலாம்னு எழுதிக் கொடுங்க” என்றுதான் பலர் வருகிறார்கள். காரை உதிர்ந்த சுவரைக் காட்டுவார்கள். நான் முதலில் மொட்டைமாடிக்குப் போவேன். அடைத்துக்கொண்ட மழைநீர்க் குழாயும் கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றும் அங்கேதான் இருக்கும். கன்றை மேலோடு வெட்டினால் மறுபடி தழைக்கும், வேர் சுவரைப் பிளந்துகொண்டே போகும்.

அக்காலக் கட்டடங்கள் பலவற்றில் கூரை மெட்ராஸ் டெரஸ்தான். தேக்கு உத்திரங்களின் மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்பில் குத்துவாட்டில் அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு அடித்து இறுக்கியிருப்பார்கள். உத்திரத்தின் நடுப்பகுதி இரும்பு மாதிரி இருக்கும். ஆனால் சுவருக்குள் செருகிய முனை? ஸ்குரூடிரைவரால் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும், உளுத்திருந்தால் பொத்தென்று இறங்கும். ஒழுகுகிறதே என்று மேலே சிமென்ட் பூசியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் அந்த முனைக்குத்தான் போய்ச் சேரும். இரும்பு கர்டர் என்றால் துருப்பிடித்து உப்பி, சுவரிலேயே விரிசல் விடும்.

இவற்றில் பெரும்பாலானவை பகுதி பகுதியாகச் சரிசெய்யக்கூடியவை. உளுத்த முனையை வெட்டி ஒட்டுப் போடலாம், அல்லது அந்த உத்திரத்தை மட்டும் மாற்றலாம். பூச்சுக்கு மறுபடி சுண்ணாம்புதான். சில கட்டடங்களை இடிக்கத்தான் வேண்டும், அதையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அப்படி ஓர் அறிக்கை உங்கள் கைக்கு வந்தால், எந்த உத்திரம், எந்தச் சுவர், எப்படிச் சோதித்தார்கள் என்று பாருங்கள். ‘மிகப் பழையது’ என்பது மட்டும் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.