பிடித்து வைப்பது பசை அல்ல, நூல்: செயற்கைப் பூச்சி கட்டத் தொடங்குவோருக்கு

டிரவுட் மீன் பிடிப்பவர்கள் தூண்டில் இரையாகப் பயன்படுத்தும் செயற்கைப் பூச்சியை முதன்முதலாகக் கையில் எடுப்பவர், தூண்டில் முள்ளின் மேல் இறகுகளைப் பசையால் ஒட்டியிருக்கிறார்கள் என்றே எண்ணுவார். உண்மையில் அதன் வாலையும் உடலையும் பிடித்து வைத்திருப்பது, முள்ளின் தண்டைச் சுற்றி வரும் மெல்லிய நூலின் இறுக்கமும் உராய்வும்தான். இந்தக் கலைக்கு வேண்டிய கருவிகள் எல்லாம் ஒரு டிபன் பாக்ஸ் அளவுள்ள பெட்டிக்குள் அடங்கிவிடுவதற்கும் அதுவே காரணம்.

முள்ளை அசையாமல் கவ்விப் பிடிக்க ஒரு சிறிய வைஸ், நூற்கண்டைத் தாங்கும் பாபின், நுனி கூர்மையான கத்தரி, ஓர் ஊசி, ஒரு சிறு புட்டி வார்னிஷ் ஆகியவை தொடக்கத்துக்குப் போதும். பயணத்துக்குக் கனமான அடித்தட்டு உள்ள வைஸைவிட மேசை விளிம்பில் திருகிப் பொருத்தும் வகையே நல்லது என்பது என் கருத்து. எதில் சிக்கனம் பிடித்தாலும் கத்தரியில் பிடிக்க வேண்டாம். மழுங்கிய கத்தரி இறகை வெட்டாமல் மடித்துவிடும்.

நூல் எப்படிப் பிடிக்கிறது? கரையில் நடப்பட்ட கம்பத்தில் கயிற்றைச் சில சுற்றுகள் சுற்றிவிட்டால், ஒரு பெரிய படகையே ஒருவர் கையால் நிறுத்திவிடலாம். கணித அறிஞர் ஆய்லரின் பெயரோடு வழங்கும் சூத்திரம் இதைத்தான் சொல்கிறது: ஒவ்வொரு சுற்றும் பிடிமானத்தைக் கூட்டுவதில்லை, பெருக்குகிறது. உராய்வுக் கெழு (இரு பரப்புகளுக்கு இடையிலான உராய்வின் அளவைக் குறிக்கும் எண்) 0.2 எனக் கொண்டால், ஒரு சுற்றில் பிடிமானம் ஏறத்தாழ 3.5 மடங்காகும், 5 சுற்றுகளில் அது 500 மடங்கைத் தாண்டிவிடும். ஆகவே நூலைத் தண்டின் மேல் வைத்து, அதன் நுனியின் மேலேயே ஐந்தாறு சுற்றுகள் இறுக்கமாகச் சுற்றினால், முடிச்சே இல்லாமல் அது நிற்கும். கையை எடுத்தாலும் தொங்கும் பாபினின் எடை இறுக்கத்தைத் தளரவிடாது.

புதியவர்களைச் சோர வைப்பது அடுத்த கட்டம். இறகைத் தண்டின் மேல் வைத்து நூலை இழுத்ததும், சுழலும் நூல் இறகையும் தன்னோடு இழுத்துத் தண்டின் மறுபக்கத்துக்குத் தள்ளிவிடுகிறது. இதற்கு மாற்று, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இறகையும் தண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, விரல்களுக்கு இடையே நூலைத் தளர்வான ஒரு வளையமாகக் கொண்டுவந்து, பிறகு நேர்க்கீழாக இழுப்பது. அப்போது விசை பக்கவாட்டில் செல்லாமல் இறகைத் தண்டின் மேல் அழுத்துகிறது. இதை வெறும் முள்ளில் இருபது முறை பழகிய பின்பே முழுப் பூச்சியைத் தொட வேண்டும்.

முதல் பூச்சியாக ‘வூலி பக்கர்’ என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ரஸல் பிளெஸ்ஸிங் 1967-இல் உருவாக்கியதாகக் கூறப்படும் இதற்கு, நீண்ட தண்டுள்ள 8-ஆம் எண் முள், 140 டெனியர் நூல் (அதாவது 9,000 மீட்டருக்கு 140 கிராம் எடையுள்ளது), மராபு எனப்படும் மென்மையான இறகு, செனில் எனப்படும் பஞ்சுபோன்ற கயிறு, ஒரு சேவல் கழுத்திறகு ஆகியவை போதும். முள்ளின் எண் கூடக் கூட அளவு சிறுக்கும் என்பதை வாங்கும்போது நினைவில் கொள்ள வேண்டும். தண்டின் நீளத்துக்குச் சமமாக மராபு வாலைக் கட்டி, அதே இடத்தில் சேவல் இறகின் நுனியையும் செனிலையும் கட்டி, முதலில் செனிலையும் அதன் மேல் இறகை இடைவெளி விட்டும் முன்னோக்கிச் சுற்ற வேண்டும். முள்ளின் கண்ணுக்கு (தூண்டில் நரம்பைக் கட்டும் துளைக்கு) பின்னால் ஒரு கண்ணளவு இடத்தைக் காலியாக விடாவிட்டால், தலையைக் கட்டி முடிக்க இடமிருக்காது.

மராபு இன்று பெரும்பாலும் வான்கோழியிடமிருந்து கிடைக்கிறது. பறக்கும் இறகில் இழைகளைப் பின்னிப் பிடிக்கும் நுண்கொக்கிகள் இதில் இல்லாததால், ஒவ்வோர் இழையும் தனித்தனியே அசைகிறது. நீரில் இழுக்கும்போது வால் ஒடுங்குகிறது, நிறுத்தியதும் விரிகிறது. அந்த அசைவுதான் மீனுக்கு உயிருள்ள இரையாகத் தெரிகிறது.

கடைசியாக நூலை அதன் மேலேயே நான்கைந்து சுற்றுகள் சுற்றி, நுனியை அவற்றின் அடியில் இழுத்துப் புதைத்து, ஒரு துளி வார்னிஷ் இட வேண்டும். அது உலர்ந்ததும் வாலைப் பிடித்து மெல்லத் திருகிப் பாருங்கள். உடல் தண்டின் மேல் சுழன்றால் அடிச்சுற்றுகள் தளர்ந்திருக்கின்றன. பிளேடால் எல்லாவற்றையும் வழித்துவிட்டு, அதே முள்ளில் மீண்டும் தொடங்கலாம்.